மலேசியாவின் கேமரன் மலை, தானா ராத்தாவில் மூன்று நாள்: பெரியவர்கள், பிள்ளைகளோடு எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

#1 செந்தூல்வாசி

வணக்கம். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏறி வியாழன் இறங்குவதாகத் திட்டம். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சொந்தக் காடி. அம்மாவுக்கு முட்டி வலி, படி அதிகம் ஏற முடியாது. தங்குவது தானா ராத்தாவில். இணையத்தில் தேடினால் ஸ்ட்ராபெரிப் பண்ணை, லெவண்டர் தோட்டம், பூனைக் காட்சிசாலை என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். எந்தப் பாதையில் ஏறுவது, எந்தத் தேயிலைத் தோட்டம், காட்டுக்குள் போவதா வேண்டாமா?

#2 தானாராத்தா_மண்

முதலில் ஊர் கிடக்கிற கிடையைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும். கேமரன் மலை முழுக்க ஒரே ஒரு பெருஞ்சாலை. தெற்கிலிருந்து வடக்கே ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று எல்லா ஊரும் அந்தச் சாலையோரத்தில்தான். சுற்றுப்பாதை கிடையாது. கியா பார்மில் ஒரு சுற்றுலாப் பேருந்து திரும்பினால் பிரிஞ்சாங் வரைக்கும் காடி நிற்கும். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் போகிற மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆவது புதிதில்லை.

நீங்கள் செவ்வாய் முதல் வியாழன் வரை எடுத்தது நல்ல முடிவு. சனி, ஞாயிறு கூட்டம் இல்லை. திங்களன்று 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலை மையங்கள் மூடியிருக்கும், அதுவும் உங்களுக்குத் தட்டாது.

தானா ராத்தாவில் தங்குவதும் சரிதான். பிரிஞ்சாங்கில் கடைகள் அதிகம், ஆனால் நெரிசல் தொடங்குகிற இடமே அதுதான். தானா ராத்தா அதற்கு ஐந்து கிலோமீட்டர் தெற்கே, கிட்டத்தட்ட 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடந்தே போகிற தூரத்தில் சாப்பாட்டுக்கடை, மருந்துக்கடை, மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் உண்டு. பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு இது முக்கியம்.

கூட்டம் போகிற திசைக்கு எதிர்த்திசையில் போவதுதான் இங்கே வழி. காலை எட்டு மணிக்குள் வடக்கே கிளம்பி, பதினொன்றரைக்குள் தானா ராத்தாவுக்குத் திரும்பிவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் தெற்கே, ரிங்லெட் பக்கம். பலபேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காடிக்குள் உட்கார்ந்தே விடுமுறையைக் கழித்துவிட்டு இறங்குகிறார்கள்.

இரவில் 15, 16 பாகை செல்சியஸுக்கு இறங்கும். தீபகற்பத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாக 7.8 பாகை இங்கேதான் பதிவானது, 1978 பிப்ரவரி 1 அன்று. இப்போது அவ்வளவு குளிர் இல்லை, ஆனாலும் பெரியவர்களுக்குக் குளிர் சட்டை, காலுறை, காதை மூடுகிற தொப்பி கட்டாயம். அறையில் சுடுநீர் இருக்கிறதா, கூடுதல் கம்பளி தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஏர்கோன் இருக்கிறதா என்று கேட்கத் தேவையில்லை. பல விடுதிகளில் இல்லை, தேவையும் படாது.

#3 தாப்பா59

பாதை பற்றி. கோலாலம்பூரிலிருந்து வந்தால் தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, 59-ஆம் எண் சாலையில் ஏறுங்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டு.

வளைவு அதிகம், வழி ஒடுக்கம். வாந்தி வருகிற பிள்ளைகளை முன்னிருக்கைக்குப் பின்னால் நடுவில் உட்காரவைத்து, தூரத்தில் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியை வாங்கிவிடுங்கள், வாந்திக்குப் பாதிக் காரணம் அதுதான். வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வளைவில் வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. அங்கே பதினைந்து நிமிடம் நிறுத்தி, காலை நீட்டி, முகம் கழுவிவிட்டு ஏறுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் பாறைமேல் பிள்ளைகளை விடவேண்டாம். மேலே பெய்கிற மழைக்கு அருவி சட்டென்று பெருகும்.

இறங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். ஆட்டோ கியர் காடி ஓட்டுகிறவர்கள் 'D' கியரிலேயே விட்டுவிட்டு, அறுபது கிலோமீட்டரும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள். பிரேக் கட்டை சூடேறி, எண்ணெய் கொதித்து, மிதித்தால் மெத்தென்று உள்ளே போகும். எரிந்த வாடை வந்தால் அதுதான் அறிகுறி. உடனே ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும். 'L' அல்லது '2' கியருக்கு இறக்கி எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விட்டு, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தி விடுங்கள்.

பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்பிவிடுங்கள். மேலேயும் நிலையங்கள் உண்டு, ஆனால் விடுமுறை நாளில் வரிசை சாலைக்கே வரும். வைப்பர் ரப்பர், டயர்க் காற்று இரண்டையும் முதல்நாளே பாருங்கள்.

#4 ஈப்போ_அக்கா

முட்டி வலிக்கிற அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தாப்பா பாதையா? சிம்பாங் பூலாய் வழியாக வாருங்கள் தம்பி. சாலை அகலம், வளைவு குறைவு, வயிற்றைப் புரட்டாது. கம்போங் ராஜாவில் வந்து ஏறினால் காய்கறித் தோட்டமெல்லாம் பார்த்துக்கொண்டே தெற்கே இறங்கலாம்.

#5 தாப்பா59

அக்கா, ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்கு அது சரி, மறுக்கவில்லை. செந்தூலிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பாதையில் எழுபது கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல். அதோடு தானா ராத்தா போய்ச் சேர கியா பார்மையும் பிரிஞ்சாங்கையும் தாண்டியாக வேண்டும். வார நாளில் பரவாயில்லை, வெள்ளி மாலை வந்தால் கடைசி பதினைந்து கிலோமீட்டர்தான் சோதனை. அந்தப் பாதையில் மூடுபனியும் அதிகம், மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. சாலை அகலமாக இருப்பதால் எல்லாரும் வேகமாக வருகிறார்கள், அந்த வேகத்தில் மூடுபனிக்குள் நுழைவது ஆபத்து.

பெரியவர்களுக்கு வளைவு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் சிம்பாங் பூலாய். இல்லையென்றால் தாப்பாவில் ஏறி, மெதுவாக. எந்தப் பாதையானாலும் இருட்டுக்கு முன் மேலே போய்விடுங்கள்.

#6 கொழுந்துக்கூடை

தேயிலைத் தோட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுத்துக்கொண்டு, கேக் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கவேண்டியதைப் பார்ப்பதில்லை.

வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது 1885-இல். 'போ' நிறுவனத்தை ரஸ்ஸல் என்பவர் தொடங்கியது 1929-இல். காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கி, கன்று நட்டு, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்து இந்தப் பச்சையை உண்டாக்கியவர்கள் நம் ஆட்கள். ஹாபு, பேர்லி, சுங்கை பாலாஸ் என்று அந்த நிறுவனத்துக்கு மலையில் மூன்று தோட்டங்கள். 'பாரத்' தோட்டம் 1933-இல் தொடங்கியது, அகர்வால் குடும்பத்தாருடையது. வடக்கே கம்போங் ராஜா பக்கம் புளூவேலி. இன்றைக்குக் கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் அதிகம். ஆனால் தோட்டத்துக் கோயில்களும், தமிழ்ப்பள்ளிகளும், மலையைவிட்டுப் போகாத குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

இப்போது செடி. ஒரு புதரின் மேல்மட்டத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். அடர்பச்சையில் தடித்து, விறைத்து நிற்பது முற்றல் இலை. அதற்குமேல் மஞ்சள் கலந்த இளம்பச்சையில், இன்னும் சுருள் விரியாத ஊசி மாதிரி ஒரு மொட்டு, அதன் கீழே இரண்டு இளம் இலை. மொட்டின் அடியில் மெல்லிய வெள்ளை மயிர் இருக்கும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்த இரண்டு இலை ஒரு மொட்டுதான் கொழுந்து. கையால் கிள்ளினால் நகம் பட்டவுடன் ஒடிய வேண்டும். நார் இழுத்தால் முற்றிவிட்டது என்று பொருள்.

ஒரே புதரில் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து எடுப்பார்கள். செங்குத்துச் சரிவில் பெட்டி வைத்த கத்தரி. சரிவு குறைந்த இடத்தில் இரண்டுபேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நகர்த்துகிற இயந்திரம். சில வருடத்துக்கு ஒருமுறை புதரையே இடுப்புக்குக் கீழே கவ்வாத்து வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டின சரிவு காய்ந்த குச்சிக்காடாகக் கிடக்கும். 'தோட்டம் செத்துப் போச்சு' என்று சிலர் இணையத்தில் எழுதுகிறார்கள். சாகவில்லை, அடுத்த சரிவைப் பாருங்கள், அது தளதளவென்று இருக்கும்.

தொழிற்சாலையில் வரிசை இப்படி. வாட்டல் தொட்டியில் அடியிலிருந்து காற்று அடித்து அரை நாளுக்கு மேல் வாட்டுவார்கள், இலையின் ஈரத்தில் பாதிபோல் போய்விடும். பிறகு உருட்டல், இலை கசங்கிச் சாறு வெளியே வரும். அதைப் பரப்பி வைத்தால் காற்றுப்பட்டுப் பச்சை மாறிச் செம்பு நிறமாகும். சுவையும் நிறமும் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். குறைத்தால் பச்சை வாடை, கூட்டினால் வெறும் கசப்பு. பிறகு சூடான காற்றில் 3 சதவீத ஈரத்துக்குக் காயவைத்துச் சலித்துத் தரம் பிரிப்பது. ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். காலையில் எடுத்த கொழுந்து அன்றைக்கே இயந்திரத்துக்குப் போகாது, முதல்நாள் வாட்டியதுதான் ஓடும். இயந்திரம் ஓடாத நேரமும் உண்டு. அதனால் உள்ளே போனவுடன் 'இன்றைக்கு உருட்டல் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள்.

#7 செந்தூல்வாசி

அக்கா, இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்லை, நன்றி. சுங்கை பாலாஸா, ஹாபுவா? அம்மாவால் முடிகிறது எது?

#8 கொழுந்துக்கூடை

சுங்கை பாலாஸ்தான் எல்லாரும் படத்தில் பார்க்கிற தோட்டம். சரிவுக்கு வெளியே நீண்டு நிற்கிற முகப்பு, கீழே முழுப் பள்ளத்தாக்கு. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கியா பார்ம் பக்கம் போகும்போது இடது கையில் பாதை பிரியும். அதிலிருந்து உள்ளே ஒரு காடி அகலம்தான். எதிரே காடி வந்தால் ஒருவர் பின்னுக்குப் போய் ஒதுங்கவேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும்போது போய்விட்டால் எதிர்க்காடி இருக்காது. பத்தரைக்குப் போனால் அந்த ஒடுக்கப் பாதையில்தான் நிற்பீர்கள். காடி நிறுத்துமிடத்திலிருந்து மேலே சரிவும் படியுமாக ஏறவேண்டும். அம்மாவுக்கு இது சிரமம். கைத்தடி இருந்து, நின்று நின்று ஏறினால் முடியும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஹாபு பழைய தோட்டம். ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே கிழக்கே பிரிகிற பாதை. அதுவும் ஒடுக்கம்தான், ஆனால் சுற்றுலாப் பேருந்துகளின் கூட்டம் குறைவு. லயம், கோயில், வேலைக்காட்டு வாழ்க்கை எல்லாம் வழியிலேயே தெரியும். என்னைக் கேட்டால் தோட்டம் என்றால் ஹாபுதான்.

படியே வேண்டாம் என்றால் பாரத் தோட்டத்துத் தேநீர்க்கடை. பெருஞ்சாலையோரத்திலேயே இருக்கிறது, தானா ராத்தாவுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே. காடியை விட்டு இறங்கினால் மேசை, மேசைக்கு எதிரே முழுச்சரிவு. அப்பா, அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் செடிகளுக்குள் இறங்கிவரலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழும்போது வரிசை வரிசையாக நிழல் விழுந்து அழகாக இருக்கும், மழை இல்லையென்றால்.

எந்தத் தோட்டமானாலும் வேலி இருக்கிற வரிசைக்குள் இறங்காதீர்கள். மருந்து அடித்திருக்கும், வடிகால் குழி புல்லில் மறைந்திருக்கும், பாம்பும் உண்டு. கொழுந்து எடுக்கிறவர்களைப் படம் எடுப்பதற்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். எடைக்குக் கூலி வாங்குகிறவர்கள், நிறுத்திவைத்துப் பேசினால் அவர்களுக்குத்தான் நட்டம்.

#9 ரிங்லெட்காரர்

எல்லாரும் ரிங்லெட்டைத் தாண்டிப் போகிற ஊராகவே வைத்திருக்கிறீர்கள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறுகையில் சாலையோரம் தெரிகிற ஏரி, சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். மின்சாரத்துக்காக 1960-களில் கட்டியது. பழுப்பு நிறமாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேலே சரிவை வெட்டிக் காய்கறி போடுகிறார்கள், பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள். கூரையில் விழுகிற மழை மண்ணில் இறங்காமல் ஒரேயடியாக ஓடி, வெட்டின மண்ணை அரித்துக்கொண்டு ஆற்றில் சேர்கிறது. ஆறு அதை ஏரியில் கொண்டுவந்து போடுகிறது. வருடம் முழுக்கத் தூர் வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏரியில் இடம் குறைந்தால் பெருமழையில் தண்ணீரைத் திறந்துவிட்டாக வேண்டும். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் வந்து உயிர்கள் போனது அப்படித்தான். கனமழை நாளில் அணைக்குக் கீழே ஆற்றோரம் நிற்காதீர்கள். சங்கு ஒலித்தால் மேடான இடத்துக்குப் போங்கள்.

அடுத்து, காலை ரிங்லெட் சந்தை. காய்கறி விலை கியா பார்மைவிடக் குறைவாகவே இருக்கும். சுற்றுலாக்காரர்களுக்காக நடக்கிற சந்தை அல்ல, ஊர்க்காரர்கள் வாங்குகிற சந்தை. இறங்குகிற அன்றைக்குக் காலையில் வாங்கிக்கொண்டு நேராக இறங்கிவிடலாம்.

#10 பாசிக்காடு

காட்டுக்குள் போவதா என்று கேட்டிருந்தார். போகலாம், ஆனால் எந்தக் காடு என்று பார்த்துப் போகவேண்டும்.

குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,032 மீட்டர். தீபகற்பத்தில் தார்ச்சாலை போட்ட மிக உயர்ந்த இடம். சுங்கை பாலாஸ் போகிற அதே பாதையில் தொடர்ந்து ஏறினால் வரும். உச்சிக்குச் சற்று முன்னாலேயே பாசிக்காடு, அதில் மரப்பலகை நடைபாதை. சில காலம் மூடி வைப்பார்கள், அனுமதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதல்நாள் தங்கும் விடுதியிலோ வனத்துறையிலோ 'திறந்திருக்கிறதா, பதிவு வேண்டுமா' என்று கேட்டுவிட்டுப் போங்கள். மேல் பகுதியில் சாலை குண்டும் குழியும். தாழ்வான காடியில் போனால் அடி உரசும். பழைய லேண்ட் ரோவரில் அரைநாள் கூட்டிப்போகிறவர்கள் தானா ராத்தாவில் நிறைய இருக்கிறார்கள், தேயிலைத் தோட்டத்தையும் சேர்த்தே காட்டுவார்கள். பெரியவர்களுக்கு அந்த வண்டியின் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது. முதுகுவலி இருந்தால் வேண்டாம்.

ஏன் பாசிக்காடு? மேகம் நாள் முழுக்க மரத்திலேயே படிந்து நிற்கிறது. மண்ணில் சத்து குறைவு, காற்று பலம், அதனால் மரம் உயரமாக வளராமல் முறுக்கிக்கொண்டு குட்டையாக நிற்கும். அடிமரம் மணிக்கட்டுப் பருமன்தான், அதைச் சுற்றியிருக்கிற பாசியோடு சேர்த்தால் தொடைப் பருமன். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் போதும், தண்ணீர் கசியும். பிழியவேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், ஒரு கைப்பிடி பாசி திரும்ப வளர வருடங்கள் ஆகும். கிளையிடுக்கில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளைத் தேடுங்கள், நெப்பந்தஸ் மக்பார்லனெய் என்கிற வகை இந்த மலையிலுள்ளது. குடுவையின் விளிம்பில் சிவப்பு வரி இருக்கும், உள்ளே தண்ணீர், அதில் எறும்பு மிதக்கும். பிள்ளைகள் விரலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடிக்கு அதுதான் வயிறு.

பலகை ஈரமாகவே இருக்கும், செருப்பு வழுக்கும். ரப்பர் அடி உள்ள சப்பாத்துதான் வேண்டும். படிகளும் உண்டு. அம்மா முகப்பில் கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திரும்பினாலே போதும், பாசி அங்கேயே தெரியும்.

அங்கிருந்து குனோங் ஈராவுக்கு, 2,110 மீட்டர், ஒரு பாதை போகிறது. அதற்கு வனத்துறை அனுமதி கட்டாயம். முழங்கால் சேறு, வேர்மேல் ஏறி இறங்கல், போய்வர ஒரு முழுப் பகல். உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம்.

தானா ராத்தாவைச் சுற்றி எண் போட்ட காட்டுப்பாதைகள் உண்டு. உங்களுக்குப் பொருத்தம் 4-ஆம் பாதை. பாரிட் அருவிவரை சிறு நடை, பிள்ளைகளுக்குப் போதும். அருவித் தண்ணீரில் இறங்கவேண்டாம், மேலே ஊர்க் கழிவு கலக்கிறது. 9-ஆம் பாதையில் ராபின்சன் அருவிவரைக்கும் போய் அப்படியே திரும்புங்கள். அருவிக்கு அப்பால் அந்தப் பாதை செங்குத்தாக மின்நிலையத்துக்கு இறங்குகிறது, மழைக்குப் பிறகு வெறும் சறுக்கு. 9ஏ கொஞ்சம் சமமாக 'போ' சாலைக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பது சிரமம். 10-ஆம் பாதை குனோங் ஜாசாருக்கு. நல்ல காலுள்ள பெரியவர் இரண்டுபேர் காலை எட்டு மணிக்குப் போனால் மதியத்துக்குள் வந்துவிடலாம். பிரிஞ்சாங் உச்சியிலிருந்து இறங்குகிற 1-ஆம் பாதை பக்கமே போகாதீர்கள். மண் அரித்து வேர்தான் மிச்சம்.

#11 தானாராத்தா_மண்

பாசிக்காடு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர்போன ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கக் கிளம்பியவர், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) எல்லாரும் தேடியும் ஒரு துண்டுத் துணிகூடக் கிடைக்கவில்லை. அவர் காட்டில்தான் தொலைந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் காட்டில் வழி தவறுவது எளிது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பத்து அடி விலகினால் பாதை கண்ணுக்குத் தெரியாது, பள்ளத்தாக்கில் கைப்பேசிக் கோடு வராது.

போகிற பாதை எண்ணையும் திரும்புகிற நேரத்தையும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். விசில், டார்ச், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை. மதியம் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள், பெரும்பாலும் மழை அதற்குமேல்தான் பிடிக்கும். வழி தெரியாமல் போனால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்காதீர்கள், இங்கே ஓடை என்றால் அருவியில்தான் முடியும். நின்ற இடத்தில் நின்று விசில் ஊதுங்கள். கோடு கிடைக்கிற இடத்தில் 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

#12 பேராக்_பையன்

பாத்மா பூ இந்தப் பக்கம்தானே? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

#13 பாசிக்காடு

ரப்லேசியா என்கிற ராட்சதப் பூவைத்தானே கேட்கிறீர்கள் தம்பி. அது கிளந்தான் மாநிலத்தில், லோஜிங் பக்கம். கம்போங் ராஜாவைத் தாண்டிப் போகவேண்டும். மொட்டு மாதக்கணக்கில் முட்டைக்கோஸ் அளவில் கிடக்கும், விரிந்தால் ஐந்திலிருந்து ஏழு நாள். பிறகு கறுத்து அழுகிவிடும். அதனால் 'இன்றைக்குப் பூ இருக்கிறதா, விரிந்து எத்தனை நாள் ஆச்சு' என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மூன்று நாளுக்குள் என்றால் போங்கள். ஒராங் அஸ்லி வழிகாட்டியோடுதான் போகவேண்டும், அந்தக் காடு அவர்களுடையது. சேற்று ஏற்றம், அட்டை உண்டு. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். பெரியவர்களுக்கு இது வேண்டாம்.

#14 ஈப்போ_அக்கா

சாப்பாடு, வாங்குவது பற்றி நான் சொல்கிறேன்.

தானா ராத்தா பெரிய சாலையில் நம்மவர் சாப்பாட்டுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் தோசை, ரொட்டி சானாய், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. மலையில் ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்கிற குழம்பில் வேகவைத்துச் சாப்பிடுவது) சாப்பிடாமல் யாரும் இறங்குவதில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் தனிச் சட்டியும் தனிக் குழம்பும் கேளுங்கள், பல கடைகளில் அடிக்குழம்பே கோழி எலும்பில் போட்டிருப்பார்கள்.

ஸ்ட்ராபெரி பறிக்கிற பண்ணையில் உள்ளே நுழையுமுன் விலையைக் கேளுங்கள். எடைக்கா, கூடைக்கா, குறைந்தது எவ்வளவு எடுக்கவேண்டும் என்று. காம்புப் பக்கம்வரை முழுக்கச் சிவந்ததை மட்டும் வெட்டுங்கள். பறித்த பிறகு ஸ்ட்ராபெரி பழுக்காது, தோளில் வெள்ளை இருந்தால் அது புளிப்பாகவே இருக்கும். கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டவேண்டும். கழுவாமல், ஒரே அடுக்காக, மூடி திறந்த டப்பாவில் வையுங்கள். அடுக்கின்மேல் அடுக்கு வைத்தால் தாப்பா இறங்குவதற்குள் அடியிலிருப்பது கூழாகிவிடும். சாப்பிடுமுன் கழுவினால் போதும், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

காய்கறி வாங்கினால் பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டுப் பேப்பரில் சுற்றுங்கள். மலையில் குளிர்ந்த கோஸ், கீரையெல்லாம் கீழே சூட்டுக்கு வந்தவுடன் வியர்க்கும். பைக்குள் தண்ணீர் கட்டி மறுநாளே வழுவழுத்துவிடும். பின்பெட்டியில் வெயில் ஏறும், முடிந்தால் ஏர்கோன் படுகிற இடத்தில் காலடியில் வையுங்கள். சோளத்தை அன்றைக்கே அவித்துவிடுங்கள், வைக்க வைக்க இனிப்பு குறையும்.

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பிரிஞ்சாங்கில் வாரக்கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும்தான். உங்கள் நாளில் இருக்காது, அதற்காக ஏங்கவேண்டாம்.

பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலுக்கு அப்பா, அம்மாவைக் கூட்டிப்போங்கள். வடக்கே போகிற வழியில்தான் இருக்கிறது, காலைப் பூசைக்கு நின்றுவிட்டுப் போகலாம். தரை குளிர்ந்து கிடக்கும், வயதானவர்கள் வெறுங்காலோடு ரொம்ப நேரம் நிற்கமாட்டார்கள். காலுறையோடு உள்ளே போகலாமா என்று அங்கேயே கேளுங்கள்.

#15 ரிங்லெட்காரர்

தோட்டத்துக் கோயிலும் பார்க்கலாம் அக்கா. பெரும்பாலும் மாரியம்மன்தான். ஆனால் தோட்டத்துக்குள்ளிருக்கிற சாலை தனியார் சாலை, காவல் கொட்டகையில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். லயத்து முன்னால் காடியை நிறுத்தி வாசலைப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே குடியிருக்கிறார்கள், பார்வைக்கூடம் இல்லை. திருவிழா நாளில் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், சாப்பிடாமல் அனுப்பவும் மாட்டார்கள்.

#16 செந்தூல்வாசி

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அப்புறம், வீட்டுக்கு வாங்கிப்போகிற தூள் மலையில் குடித்த மாதிரி இருக்காது என்கிறார்களே, ஏன்?

#17 தானாராத்தா_மண்

மழைக்கு பிரிஞ்சாங் பக்கம் இருக்கிற டைம் டனல் காட்சிக்கூடம். பழைய கேமரன் படங்கள், கடைச் சாமான், மிட்டாய் டப்பா, முடிவெட்டுகிற நாற்காலி என்று பெரியவர்களுக்குத் தெரிந்த பொருள்கள். பிள்ளைகளைவிட அப்பா, அம்மாதான் அதிக நேரம் நிற்பார்கள். படி குறைவு. அக்டோபர், நவம்பரில் வந்தால் மழை நாளுக்கென்றே இன்னொரு திட்டம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மழை கொஞ்சம் குறைவு.

#18 கொழுந்துக்கூடை

தூள் அதேதான், தண்ணீரும் சூடும்தான் வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 பாகைக்கே கொதித்துவிடும். கீழே 100. அதனால் மலையில் ஐந்து நிமிடம் ஊறவைக்கிற அதே தூளைக் கீழே அதே நேரம் ஊறவைத்தால் கசப்பு தூக்கும். வீட்டில் மூன்று, மூன்றரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். 200 மில்லி தண்ணீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி, கிட்டத்தட்ட இரண்டு கிராம். பால் ஊற்றுவதாக இருந்தால் ஒன்றரைக் கரண்டி. விடுதியறையில் போடும்போது இதற்கு நேர்மாறு. கோப்பையை முதலில் சுடுநீரில் கழுவிச் சூடாக்குங்கள், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி மூடிவையுங்கள். குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால் 95 உடனே 85 ஆகிவிடும், நிறம் வரும், சாரம் இறங்காது.

தே தாரிக் (இழுத்து ஆற்றுகிற பால் தேநீர்) போட இலைத்தூள் வாங்காதீர்கள், பொடித்தூள் வாங்குங்கள். பாலை மீறி நிற்கிறது அதுதான். வாங்கின தூளைக் காடியில் ஸ்ட்ராபெரியோடும் பூவோடும் சேர்த்து வைக்காதீர்கள், வாடையை இழுத்துக்கொள்ளும். மலையிலேயே அடைத்து ஒட்டின பாக்கெட் கீழே இறங்கியதும் ஒட்டிச் சுருங்கியிருந்தால் பயப்படவேண்டாம், காற்றழுத்தம்தான். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைக் கீழேயிருந்து கொண்டு ஏறினால் அது பலூனாக உப்பும். பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த ஊரில் எவ்வளவு உப்பியது என்று பார்க்கச் சொல்லுங்கள், வாந்தி நினைப்பே வராது.

#19 தாப்பா59

பாக்கெட்டைப் பார்க்கக் குனியக் கூடாது அக்கா, அப்புறம் வாந்திதான். கண்ணுக்கு நேரே, முன்கண்ணாடிப் பக்கம் தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செந்தூல்வாசி, செவ்வாய்க்கிழமை காலை தாப்பாவில் எட்டரைக்குள் ஏறிவிடுங்கள். அதற்குமேல் காய்கறி லோரிகள் காலியாக மேலே திரும்புகிற நேரம்.